அளக்கத் தெரிந்த பிள்ளை

முகாம் வாழ்வை அனுபவித்த குடும்பங்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். அங்கே எல்லாமே அளவாகத்தான் வந்தன. பவுசர் தண்ணீர் குடும்பத்துக்கு இத்தனை வாளி, அரிசியும் பருப்பும் ஆளுக்கு இவ்வளவு, மண்ணெண்ணெய் அட்டைக்கு இத்தனை போத்தல் என்று யாரோ அளந்து தந்தார்கள், நாம் வாங்கினோம். சொந்தக் களத்தில் நெல்லைக் குவித்து, விதைக்கு இவ்வளவு, வீட்டுச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு, விற்பதற்கு இவ்வளவு என்று தன் கையாலேயே அளந்து பிரித்த விவசாயி, மற்றவர் அளக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்ற காலம் அது.

2009இல் போர் முடிந்தது. பலர் ஊர் திரும்பிவிட்டனர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களிற் சில இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கு வீடு கிடைத்திருக்கலாம், கிணறு இறைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அளக்கும் பழக்கம் பல வீடுகளுக்குத் திரும்பி வரவில்லை. அதனால் கூடுதலாக இழந்தவர்கள் எமது சிறுபிள்ளைகளே.

மூன்று வயது தொடக்கம் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள், ஒரு பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பதைக் கண்ணால் மதிக்கவும், இரண்டு பாத்திரங்களை ஒப்பிட்டு எது கூடக் கொள்ளும் என்று சொல்லவும் வீட்டிலும் முன்பள்ளியிலும் பழகவேண்டும் என்பதே எமது கருத்து. இலக்கங்களை எழுதப் பழக்குவதற்கு முன்னரே இது தொடங்கவேண்டும். சிறு விடயமாகத் தோன்றினாலும், விவசாயக் குடும்பத்துக்கு இது சிறு விடயமன்று.

முன்பு யார் கற்பித்தார்கள்?

முன்பு இதை எவரும் பாடமாகக் கற்பிக்கவில்லை. கற்பிக்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அரிசிப் பானைக்குள் சுண்டு கிடந்தது. நாலு சுண்டு ஒரு கொத்து என்பது பிள்ளையின் கைக்குத் தெரிந்திருந்தது. மூலையில் கடகமும் பெட்டியும் இருந்தன. கிணற்றடியில் வாளி, முற்றத்தில் குடம், அடுப்படியில் முட்டி, சட்டி, சருவம், மூக்குப்பேணி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ‘இரண்டு பேணி தண்ணி விடு’, ‘அரைக்கடகம் எரு கொண்டு வா’ என்று சொன்னால் பிள்ளை சரியாகக் கொண்டுவரும்.

சூடு அடித்த களத்தில் பொலியை அளக்கும்போது சின்னஞ்சிறுசுகள் சுற்றி நின்று பார்த்தன. ஒரு புசல் நெல் எவ்வளவு பெரிய குவியல் என்பது அவர்களின் கண்ணில் பதிந்திருந்தது. புசல் என்பது எட்டுக் கலன், அதாவது ஏறக்குறைய 36 லீற்றர் கொள்ளும் அளவு. அதில் நெல்லை நிரப்பினால் ஏறக்குறைய 21 கிலோ நிறை வரும். இந்தக் கணக்குத் தெரியாத பிள்ளைக்கும் அந்தக் குவியல் தெரிந்திருந்தது.

எமது நிலத்தின் அளவுகூட இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். பரப்பு என்பதை நெல் விதைப்புக்கு ஒன்றாகவும் வரகு விதைப்புக்கு வேறொன்றாகவும் பிரித்து எழுதியிருப்பார்கள். எவ்வளவு விதை விழும் என்பதே நிலத்தின் அளவாக இருந்தது. அளவுப் பாத்திரத்தை நன்கு அறிந்த ஒரு சமூகத்தால்தான் நிலத்தை விதையால் அளக்க முடியும்.

இன்று நிலைமை வேறு. வெட்டி அடிக்கும் இயந்திரம் வயலுக்குள் இறங்கி ஏறியதும் நெல் சாக்குக்குள் போய்விடுகின்றது. சாக்கு தராசுக்குப் போகின்றது. பிள்ளை பொலியைக் காண்பதேயில்லை. கடகத்தின் இடத்துக்கும் குடத்தின் இடத்துக்கும் ஒரே மாதிரியான பிளாஸ்ரிக் வாளி வந்துவிட்டது. எண்ணெயும் மாவும் சீனியும் எழுத்துப் பொறித்த பைகளில் வருகின்றன. இடம்பெயரும்போது முதலில் கைவிட்டதும் பானை சட்டிகளைத்தான். அவற்றுடன், எவரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை படித்த பாடமும் போய்விட்டது. ஆகவே முன்பு தானாக நடந்ததை இன்று நாம் வேண்டுமென்றே நடத்தவேண்டியுள்ளது.

பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது

இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்க்கின்றீர்கள். பெரியவனுக்கு வாய் அகன்ற கோப்பை. சின்னவளுக்கு உயரமான ஒடுங்கிய கிளாஸ். இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனாலும் பெரியவன் சிணுங்குகின்றான்: ‘அம்மா, தங்கச்சிக்குத்தான் கூட.’ ‘இரண்டும் ஒண்டுதான், பேசாமல் குடி’ என்கின்றீர்கள். அவனுக்கு நம்பிக்கை வராது. பேராசைக்காரன் என்று அடியும் வாங்குவான்.

அவன் பேராசைக்காரன் அல்லன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உயரமாக நிற்பதுதான் கூடவாகத் தெரியும். அகலமும் சேர்ந்துதான் அளவு என்பது அந்த வயதில் மனத்தில் பதிவதில்லை. சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே, இப்படிக் கிளாசுக்குக் கிளாஸ் தண்ணீரை மாற்றி ஊற்றிப் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பதில்களை 1941இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதினார். ஏறக்குறைய ஏழு வயதளவில்தான் பெரும்பாலான பிள்ளைகள், ‘வேறு பாத்திரத்துக்குப் போனாலும் தண்ணீர் அதே தண்ணீர்தானே’ என்று உறுதியாகச் சொல்லத் தொடங்குகின்றார்கள் என்பது அவரது முடிவு.

பின்னர் வந்தவர்கள் இதில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார்கள். எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடன் சேர்ந்து ஆய்வு செய்தவரும் எண்ணிக்கையையும் நீளத்தையும் பற்றிய சோதனைகளை வேறு விதமாக நடத்திப் பார்த்தனர். வரிசையாக அடுக்கிய பொருட்களைப் பெரியவர் கலைத்துவிட்டு, கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்டால் பிள்ளை தடுமாறுகின்றது. ஒரு குறும்புக்காரப் பொம்மைக் கரடி வந்து தட்டிக் கலைத்ததாக விளையாட்டுக் காட்டினால் கூடுதலான பிள்ளைகள் சரியாகச் சொல்கின்றனர். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால், முதலில் சொன்னது பிழையாக்கும் என்று பிள்ளை நினைத்துவிடுகின்றது. 1978இல் வெளிவந்த தமது நூலில் டொனால்ட்சன் இதை விளக்கியுள்ளார்.

இவற்றிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, பிள்ளை பிழையாகச் சொன்னால் ஏசக்கூடாது; அதன் கண்ணுக்குத் தெரிவதையே அது சொல்கின்றது. மற்றது, மடக்குவதற்காகத் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது. பாத்திரத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். தானே ஊற்றி, தானே திருப்பி ஊற்றிப் பார்க்கட்டும். கஞ்சி விடயத்திலும் அப்படித்தான். ‘நீயே உன்ர கஞ்சியைத் தங்கச்சியின்ர கிளாஸ் மாதிரி இன்னொன்றுக்குள்ள ஊத்திப் பார்’ என்றால் போதும். அடியால் வராத அறிவு அங்கே வரும்.

செய்யும் முறை

இதற்குப் பணம் தேவையில்லை. ஐந்தாறு வெற்றுப் பாத்திரங்கள் போதும்: ஒரு ரின்பால் பேணி, ஒரு சிரட்டை, ஒரு சோடாப் போத்தல், ஒரு மாப்பால் ரின், ஒரு சின்னச் சட்டி, ஒரு வாளி. உயரமும் அகலமும் வேறு வேறாக இருக்கவேண்டும்.

முதலிற் சில நாட்களுக்கு எதுவும் கேட்கவேண்டாம். நிரப்பவும் கொட்டவும் விடுங்கள். அப்போது சொற்களை மட்டும் கொடுங்கள்: நிரம்ப, அரைவாசி, கால்வாசி, வெறும், கூட, குறைய, சமன். சொல் தெரிந்தால் அளவைப் பற்றிப் பேசுவது பிள்ளைக்கு இலகுவாகும்.

அடுத்து, மதிக்கப் பழக்குங்கள். ‘இந்தச் சட்டியை நிரப்ப எத்தனை சிரட்டை வேணும்?’ என்று கேளுங்கள். பிள்ளை ஐந்து என்று சொன்னால் ஐந்து புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வைக்கட்டும். பிறகு சிரட்டையால் ஊற்றி, ஒவ்வொரு சிரட்டைக்கும் ஒரு கொட்டையை மறுபக்கம் வைக்கட்டும். ஒன்பது கொட்டைகள் சேர்ந்துவிட்டன. எவ்வளவு வித்தியாசம் என்று பிள்ளையே பார்க்கும். நாளைக்கு ஏழு என்று சொல்லும். நாளடைவில் கண்ணும் கையும் பொருந்திவரும். முதலில் மதிப்பது, பிறகு அளப்பது என்ற இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். அளந்த பின்னர் மதிப்பதில் பயன் இல்லை.

மூன்றாவதாக, ஒப்பிடப் பழக்குங்கள். உயரமான போத்தலையும் அகன்ற சட்டியையும் வைத்து, எது கூடக் கொள்ளும் என்று கேளுங்கள். ஒன்றை நிரப்பி மற்றதற்குள் ஊற்றினால் விடை வெளிவரும். வழிந்தால் முதலாவது பெரிது. இடம் மிஞ்சினால் இரண்டாவது பெரிது. ஒரே உயரமுள்ள இரண்டு ரின்கள் கிடைத்து, ஒன்றின் குறுக்களவு மற்றதைப் போல இரண்டு மடங்காக இருந்தால் நல்ல வேடிக்கை ஒன்று உண்டு. பெரியதை நிரப்ப இரண்டு சின்ன ரின் போதும் என்று பெரியவர்களும் சொல்வார்கள். ஊற்றிப் பார்த்தால் நாலு தேவைப்படும். கிணறு வெட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். ஆறடி அகலக் கிணற்றைவிடப் பன்னிரண்டடி அகலக் கிணற்றில், ஓர் அடி ஆழத் தண்ணீருக்கு நாலு மடங்கு தண்ணீர் நிற்கும்.

நான்காவதாக, அளவுகோலுக்கு வாருங்கள். உங்கள் வீட்டுச் சுண்டுப் பேணியும் பக்கத்து வீட்டுச் சுண்டுப் பேணியும் ஒன்றா என்று பிள்ளைகள் ஊற்றிப் பார்க்கட்டும். பெரும்பாலும் ஒன்றாக இராது. அப்படியானால் சண்டை வராமல் அளப்பது எப்படி என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும். லீற்றரை அறிமுகம் செய்வதற்கு அதுவே சரியான நேரம். ஒரு லீற்றர்ப் போத்தலைக் காட்டி, இந்த வாளிக்கு எத்தனை, அந்தக் குடத்துக்கு எத்தனை என்று மதித்து அளக்கச் செய்யலாம்.

தானியத்தை அளக்கும்போது இன்னும் இரண்டு விடயங்களைக் காட்டவேண்டும். குவித்து அளப்பது வேறு, வாய்மட்டத்துக்கு வழித்து அளப்பது வேறு. பேணியைத் தட்டிக் குலுக்கினால் அரிசி இறங்கி, மேலும் ஒரு பிடி கொள்ளும். இதைச் சிறுவயதிலேயே கண்டுகொண்ட பிள்ளையைச் சந்தையில் ஏமாற்றுவது கடினம்.

கவனம் வேண்டிய இடங்களும் உண்டு. பூச்சிநாசினி, களைநாசினி வந்த போத்தலோ கானோ எத்தனை தரம் கழுவியிருந்தாலும் இந்த விளையாட்டுக்கு எடுக்கக்கூடாது. கிணற்றடியில் பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது. சிறு குழந்தைக்குத் தண்ணீர் நிறைந்த வாளியும் ஆபத்தானது; விளையாடி முடிந்ததும் கவிழ்த்து வைக்கவேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கையில் பயறு, புளியங்கொட்டை போன்றவற்றைக் கொடுக்கவேண்டாம்; மூக்கிலும் வாயிலும் போட்டுவிடுவார்கள்.

எழும் கேள்விகள்

‘குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளையைத் தண்ணீரில் விளையாட விடுவதா?’ என்று தாய்மார் கேட்பது நியாயமானதே. ஒரு குடம் தண்ணீருக்கு அரை மைல் நடப்பவருக்குச் சிந்தும் ஒவ்வொரு துளியும் கோபத்தை வரவழைக்கும். அரிசி களைந்த தண்ணீரும் மரக்கறி கழுவிய தண்ணீரும் இதற்குப் போதும். விளையாட்டு முடிந்ததும் மிளகாய்க் கன்றுக்கோ வாழைக்கோ ஊற்றிவிடலாம். தண்ணீரே வேண்டாம் என்றால் மணல் உண்டு, உமி உண்டு. அத்துடன், ஒரு சிரட்டை தண்ணீரின் பெறுமதியைக் கையால் அளந்தறிந்த பிள்ளை பின்னர் வீணாக ஊற்றாது.

‘இது ரீச்சரின் வேலை’ என்று சிலர் சொல்வர். பாடசாலையில் அளவைகள் பாடம் இருப்பது உண்மையே. ஆனால் அங்கே பிள்ளை காண்பது பெரும்பாலும் புத்தகத்திலுள்ள படத்தையே. படத்தில் இருக்கும் குடத்துக்குள் ஊற்றிப் பார்க்க முடியாது. தரம் 1இல் சேரும் முன்னர் கையால் ஊற்றிப் பழகிய பிள்ளைக்குத்தான் அந்தப் படம் பேசும்.

‘முதலில் எழுதப் பழகட்டும்’ என்பது வேறு சிலரின் எண்ணம். எமது கிராமங்களில் முன்பள்ளியின் தரத்தைப் பிள்ளையின் கொப்பியில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கின்றது என்பதைக் கொண்டு மதிக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பக்கம் நிரப்பாத ஆசிரியை வேலை செய்யாதவர் என்று பெற்றோர் குறை சொல்வதால், விருப்பமில்லாமலே பலர் எழுத்துக்குள் பிள்ளைகளை அடைத்துவிடுகின்றனர். 5 என்று நூறு தரம் எழுதிய பிள்ளைக்கு ஐந்து பேணி எவ்வளவு என்பது தெரியாவிட்டால் அந்த 5 வெறும் கீறல் மட்டுமே. பெற்றோர் கேட்கும் கேள்வி மாறினால்தான் முன்பள்ளியும் மாறும்.

‘சுண்டும் கொத்தும் போன காலம், எல்லாம் கிலோவும் லீற்றரும்தானே’ என்பாரும் உளர். சட்டப்படி விற்பதும் வாங்குவதும் மெற்றிக் அளவில்தான் நடக்கவேண்டும். அதில் எமக்கு வேறு கருத்தில்லை. ஆயினும், லீற்றர் என்ற சொல்லைப் பிள்ளை நாளாந்தம் தொடும் ஒரு பாத்திரத்தோடு சேர்த்துக் கட்டாவிட்டால் அது மனத்தில் நிற்காது. அம்மாவின் பேணியிலிருந்து லீற்றருக்குப் போவதே பிள்ளைக்கு இலகுவான வழி.

எதற்காக இவ்வளவு?

மதிக்கத் தெரிந்த கண் எங்கே உதவும் என்று கேட்டால், சில இடங்களைச் சொல்கின்றோம்.

வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ஜீவனி கரைக்கும்போது ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடி, அது குழந்தைக்கே தீங்காகும். தண்ணீர் கூடினால் போதிய பயன் கிடைக்காது. ‘ஏதோ ஒரு கோப்பை’ என்று கரைக்கும் வீட்டிற்கும், எமது வீட்டுக் கோப்பையால் நாலு கோப்பையும் ஒரு வாயும் ஒரு லீற்றர் என்று அறிந்த வீட்டிற்கும் இடையிலுள்ள வித்தியாசம் சில வேளைகளில் ஓர் உயிராக இருக்கும்.

பயிருக்கு மருந்து தெளிப்பவர் மூடியால் அளக்கின்றார். எந்த மூடி, எத்தனை மில்லிலீற்றர், தாங்கிக்குள் எத்தனை லீற்றர் என்பது தெரியாமல், ‘இன்னும் கொஞ்சம் விட்டால் நல்லாய்க் கேட்கும்’ என்று ஊற்றுவதால் பயிரும் கெடுகின்றது, பணமும் போகின்றது, தெளிப்பவரின் உடம்பும் கெடுகின்றது.

பாலும் தேனும் நல்லெண்ணெயும் இன்னும் போத்தற் கணக்கில் கைமாறுகின்றன. எமது வழக்கிலுள்ள போத்தல் 750 மில்லிலீற்றர்தான். நாலு போத்தல் சேர்ந்தால் மூன்று லீற்றர். போத்தல் விலைக்கு லீற்றர் அளவில் பால் ஊற்றிக் கொடுக்கும் வீடு, ஒவ்வொரு மூன்று லீற்றருக்கும் ஒரு போத்தலின் காசை இழக்கின்றது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒரு தரம் ஊற்றிப் பார்த்தாற் போதும்.

இன்னுமொன்று உண்டு, அது மானத்தோடு சம்பந்தப்பட்டது. அனர்த்த காலங்களில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் கிடைக்கவேண்டும் என்பது, 1997இல் உதவி நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் வழிகாட்டலில் அடிப்படை அளவாகச் சொல்லப்படுகின்றது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அது 75 லீற்றர்; பத்து லீற்றர் வாளியால் ஏழரை வாளி. போரால் மட்டுமன்றி வெள்ளத்தாலும் புயலாலும் எம் மக்கள் இன்றும் இடம்பெயர்கின்றார்கள். அந்த நேரத்தில், ‘எங்களுக்குத் தண்ணீர் காணாது’ என்று சொல்பவருக்குக் கிடைப்பது பொறுங்கள் என்ற பதில்தான். ‘எங்கள் குடும்பத்துக்கு நேற்று நாலு வாளிதான் கிடைத்தது, ஏழரை வாளி வேண்டும்’ என்று சொல்பவருக்கு அப்படிச் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. உரிமையைக் கேட்பதற்கும் அளவு தெரியவேண்டும்.

செய்யக்கூடியவை

முன்பள்ளி நடத்தும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும், சுவரில் ஒட்டும் வர்ணப் படங்களுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியைக் குறைத்து, ஒரு தட்டில் பத்துவகைப் பாத்திரங்களையும் ஒரு பெட்டி மணலையும் வைக்க முன்வரலாம். தண்ணீர்த் தாங்கியும் பரலும் கொடுக்கும் நிறுவனங்கள் அவற்றின் பக்கத்தில் 50, 100, 150 லீற்றர் என்று கோடு கீறிக் கொடுக்கலாம். அப்பம்மாக்களும் அம்மம்மாக்களும் இருக்கும் வீடுகளில், கடகம் எவ்வளவு கொள்ளும், பட்டையால் இறைத்த காலத்தில் ஒரு பட்டை எவ்வளவு கொண்டது என்று பேரப்பிள்ளைகள் கேட்டறியட்டும். அவர்கள் சொல்லக் காத்திருக்கின்றார்கள், கேட்பார்தான் இல்லை.

பெற்றோரிடம் நாம் கேட்பது மிகக் குறைவு. உலை வைக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிடுங்கள். இன்றைக்கு எத்தனை சுண்டு அரிசி போடவேண்டும் என்று கேளுங்கள். அதன் பதிலைக் கேட்டபிறகு, பேணியை அதன் கையில் கொடுத்து அளந்து போடச் சொல்லுங்கள். கொஞ்சம் சிந்தும். பொறுக்கி எடுக்கலாம்.